மண்ணில் எழுதிய பரீட்சை

மோட்டார் சைக்கிளைப் பற்றி எனக்கு ஒரு நாளும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பௌதிகமும் கணிதமும் சொல்லிக் கொடுத்து வருகிற எனக்கு அந்த வாகனம் ஒரு பரம விரோதி என்றே சொல்லவேண்டும். வகுப்பிலே நாற்பது நிமிஷம் தொண்டை வறளக் கத்தினாலும் என்னை ஏறெடுத்துப் பார்க்காத பையன்கள், வெளியே வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமினால் போதும், அத்தனை பேரும் ஒரே சமயத்தில் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி விடுவார்கள்.

இந்த விரோதத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. 2023-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், என் பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன், தமையனுடைய மோட்டார் சைக்கிளைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு ஊர்க்கோடிக்குப் போனான். அங்கே புது வீடு ஒன்றின் அஸ்திவாரத்தை நிரப்புவதற்காகக் கிராவல் மண் கொட்டியிருந்தார்கள். மழையில் நனைந்து இறுகி, அது ஒரு சிறு குன்றுபோல நின்றது. பையனுக்குச் சினிமாவில் பார்த்தது ஞாபகம் வந்துவிட்டது. வண்டியை முடுக்கி அதன்மேல் ஏற்றினான். ஏறியது என்னவோ வெகு அழகாகத்தான் ஏறியதாம். கூட இருந்த தோழர்கள் சாட்சி சொல்கிறார்கள். இறங்கியதுதான் அவ்வளவு அழகாக இல்லை. வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்க்கப் போனேன். திட்டுவதற்காக நிறைய வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டுதான் போனேன். கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கிடந்த பையனைப் பார்த்ததும் அவை எல்லாம் எங்கேயோ போய்விட்டன. அவன் தாயார் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பையன் என்னைப் பார்த்துக் கேட்டான்: “ஸார்! அமெரிக்காவிலே இதையே ஒரு பந்தயமாக நடத்துகிறார்களே! அவர்கள் மட்டும் எப்படிக் கால் உடையாமல் இறங்குகிறார்கள்?”

மாணவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் எழுந்து வந்தது அதுதான் முதல் தடவை.

மார்கழிக் கோலம்

அந்தக் கேள்வி என் கூடவே கப்பல் ஏறியது, இல்லை, ஆகாய விமானம் ஏறியது. என் தமக்கை அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் இருக்கிறாள். “ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போடா” என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அரைப் பரீட்சை விடுமுறையோடு இன்னும் சில நாள் லீவு சேர்த்துக்கொண்டு அந்த டிஸம்பரில் புறப்பட்டேன். போய்ச் சேர்ந்த மறுநாளே அவளுடைய மகன், அங்கே இஞ்சினீயரிங் படிக்கிறவன், என்னிடம் வந்து, “மாமா! உங்களை ஓர் இடத்துக்கு அழைத்துப் போகப் போகிறேன். எங்கே என்று மட்டும் கேட்கக் கூடாது” என்றான்.

ஏதோ ஒரு கோயிலுக்கு என்று நினைத்துக்கொண்டு வேஷ்டியை எடுத்து வைத்தேன். “கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்” என்றான் பையன்.

2024-ஆம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி, சனிக்கிழமை சாயங்காலம், அனஹைம் என்ற ஊரிலுள்ள ஏஞ்சல் ஸ்டேடியத்தில் நாங்கள் இருவரும் மேல் அடுக்கில் உட்கார்ந்திருந்தோம். 1966-இல் திறக்கப்பட்ட அந்த ஸ்டேடியம் பேஸ்பால் என்னும் பந்தாட்டத்துக்காகக் கட்டப்பட்டது. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் உட்காரக்கூடியது. ஆனால் அன்றைக்கு அங்கே பந்துமில்லை, மட்டையுமில்லை, புல்லுமில்லை. மைதானம் முழுவதும் ஒரே மண்! அந்த மண்ணில் வளைந்தும் நெளிந்தும், திரும்பியும் மடங்கியும், தன்னைத் தானே தொடாமல் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் ஒரு பாதை.

மேலேயிருந்து பார்த்தபோது எனக்கு உடனே எங்கள் தெருதான் ஞாபகத்துக்கு வந்தது. மார்கழி மாதம் அல்லவா? அந்த நேரத்தில் எங்கள் ஊரில் ஒவ்வொரு வாசலிலும் சிக்குக் கோலம் போட ஆரம்பித்திருப்பார்கள். கையகலப் புள்ளிகளுக்குள் எவ்வளவு நீளமான கோட்டை மடக்கி மடக்கிப் புகுத்தலாம் என்பதில்தானே கோலம் போடுகிறவளுடைய சாமர்த்தியம் இருக்கிறது? இங்கேயும் அதே கதைதான். திறந்த வெளியில் மைல் கணக்கில் ஓடவேண்டிய பந்தயப் பாதையை ஒரு பந்தாட்ட மைதானத்துக்குள் மடக்கி வைத்திருக்கிறார்கள். காலையில் போட்ட கோலம் மாலைக்குள் கலைந்துவிடுவதுபோல, பந்தயம் முடிந்ததும் இந்தக் கோலத்தையும் வாரிக் கொண்டு போய்விடுவார்களாம்!

“இதற்குப் பெயர் சூப்பர்கிராஸ், மாமா!” என்றான் பையன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரிடமிருந்து ஓடி வந்தேனோ அந்த விரோதியின் அரண்மனையிலேயே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டான்! ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்ட கேள்விக்குப் பதில் எங்காவது கிடைக்குமானால் அது இங்கேதான் கிடைக்கவேண்டும் என்று தோன்றியது. கம்பளிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கேள்விகள் ஐந்நூறு லாரி

இந்தப் பாதையை எப்படி அமைக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். புல்தரையின்மேல் பிளாஸ்டிக் விரிப்பை விரிக்கிறார்கள். அதன்மேல் மரப் பலகைகளை அடுக்குகிறார்கள். பிறகு சுமார் ஐந்நூறு லாரி மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, யந்திரங்களால் மேடும் பள்ளமுமாகச் செதுக்குகிறார்கள். சில நாட்களில் வேலை முடிந்துவிடுகிறது. பந்தயம் முடிந்ததும் மண்ணை எடுத்து அடுத்த தடவைக்காகப் பத்திரப்படுத்துகிறார்கள்.

இறுதிப் பந்தயத்தில் இருபத்திரண்டு பேர் ஒரே வரிசையில் நின்று புறப்படுகிறார்கள். பெரிய வண்டிகளின் பிரிவில் இருபது நிமிஷமும், அதன் மேல் ஒரு சுற்றும் ஓடவேண்டும். ஒரு வண்டியின் எடை நூறு கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும்.

முதல் மூலையில் இருபத்திரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழாமல் திரும்பியதே எனக்குப் பெரிய அதிசயமாயிருந்தது. அதற்குப் பிறகுதான் பரீட்சை ஆரம்பமாயிற்று. நான் ‘பரீட்சை’ என்று சொல்வது விளையாட்டுக்கு அல்ல. பையன் ஒவ்வொரு பகுதியாக விவரிக்க விவரிக்க, நான் பார்ப்பது ஒரு பந்தயப் பாதையே அல்ல, ஒரு கேள்வித்தாள் என்ற எண்ணம் எனக்கு வலுத்துக்கொண்டே வந்தது.

ஒரு பக்கத்தில் மூன்றடி உயரமுள்ள மேடுகள் நெருக்கமாக ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. இவற்றை ‘வூப்ஸ்’ என்கிறார்கள். மெதுவாகப் போனால் வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழுந்து தள்ளாடும். துணிந்து வேகமாகப் போனால் சக்கரங்கள் மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு, நீரின்மேல் எறிந்த ஓட்டாஞ்சில்லைப் போலத் தாவிச் செல்லும். ஆனால் கை சற்றே தவறினாலும் வண்டி பக்கவாட்டில் திரும்பி ஆளை எறிந்துவிடும். இது மனோதைரியத்தைச் சோதிக்கும் கேள்வி.

இன்னொரு பக்கத்தில் உள்ள மேடுகளின் வரிசைக்குத் தாளவரிசை என்று பொருள்படும் பெயரை வைத்திருக்கிறார்கள். ஒன்பது மேடுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மும்மூன்றாகத் தாண்டி மூன்றே தாவலில் முடிக்கலாம். இன்னொருவர் இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று நான்கு தாவலில் முடிக்கலாம். எந்தத் தாளத்தில் போவது என்பதை, முந்தின மூலையில் எவ்வளவு வேகத்தோடு வெளிப்பட்டோம் என்பதைக் கொண்டு கண்மூடித் திறப்பதற்குள் தீர்மானிக்கவேண்டும். இது புத்தியைச் சோதிக்கும் கேள்வி. ஒரே கேள்விக்குப் பல விடைகள் உண்டு. எல்லா விடைக்கும் ஒரே மார்க்கு இல்லை!

“பந்தயத்துக்கு முன்னால் எல்லோரும் வண்டியில்லாமல் நடந்து போய்ப் பாதையைப் பார்ப்பார்கள், மாமா. மேட்டின்மேல் நின்று, காலால் மண்ணை உதைத்துப் பார்த்து, யோசிப்பார்கள்” என்றான் பையன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில், பொதுப் பரீட்சையன்று எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால் கேள்வித்தாளைப் படித்துப் பார்ப்பதற்கென்று பத்து நிமிஷம் கொடுப்போம். அந்தப் பத்து நிமிஷத்தில் பையன்களுடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே! இந்த வீரர்களும் அதே முகத்தோடுதான் மண்ணைப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றே முக்கால் விநாடி

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பாதையின் நடுவே மூன்று பெரிய மேடுகள் இருந்தன. முதல் மேட்டில் ஏறிய வண்டி அப்படியே ஆகாசத்தில் எழும்பி, நடு மேட்டுக்கு மேலாகப் பறந்து, மூன்றாவது மேட்டின் மறுசரிவில் போய் இறங்கியது. ஏறக்குறைய எழுபது அடி தூரம்! முதல் தடவை பார்த்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன். திறந்து பார்த்தால் அந்த மனிதர் ஒன்றுமே நடக்காததுபோல் அடுத்த மூலையில் திரும்பிக்கொண்டிருந்தார்.

வாத்தியார் புத்தி யாரை விட்டது? அனுமதிச் சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போடலாமென்று பார்த்தேன். சீட்டு பையனுடைய டெலிபோனுக்குள் இருந்தது. வறுத்த சோளம் வாங்கிய காகிதப் பையைக் கிழித்து, அதன்மேல் போட்டேன். முப்பத்தைந்து டிகிரி சாய்வில் எழும்பி எழுபது அடி பறக்கவேண்டுமானால் மணிக்குச் சுமார் 33 மைல் வேகம் வேண்டும். அதாவது, எங்கள் ஊர் டவுன் பஸ் வெறிச்சோடிய சாலையில் போகும் வேகந்தான். ஆகாசத்தில் இருக்கும் நேரம் ஒன்றே முக்கால் விநாடி. எழும்பிய இடத்திலிருந்து மேலே போகும் உயரம் சுமார் பன்னிரண்டு அடி.

அப்படியானால் இறங்கும்போது? பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து, அதாவது மாடியிலிருந்து, குதித்தால் எவ்வளவு வேகத்தில் தரையை மோதுவோமோ அவ்வளவு வேகத்தில் வண்டி கீழ்நோக்கி வருகிறது. கீழே சமதரை இருந்தால் கால் முறிவதற்கு வேறு காரணமே வேண்டாம். ஆனால் இங்கே சமதரை இல்லை. வண்டி எந்தச் சாய்வில் கீழே வருகிறதோ, ஏறக்குறைய அதே சாய்வில் மூன்றாவது மேட்டின் மறுபக்கத்தைச் சீவி வைத்திருக்கிறார்கள். ஆகவே சக்கரம் தரையை மோதுவதில்லை. தரையோடு சேர்ந்து வழுக்குகிறது. மாடியிலிருந்து குதிப்பதற்கும் சறுக்குமரத்தில் இறங்குவதற்கும் உள்ள வித்தியாசந்தான் இது!

எனக்கு அந்தக் கிராவல் மேடு நினைவுக்கு வந்தது. அதற்கு ஏற்றம் இருந்தது. இறக்கம் இருந்ததா? லாரிக்காரர் கொட்டிய மண்ணுக்கு மறுபக்கத்தில் என்ன இருந்தது என்று எந்தப் பையன் பார்த்தான்? ஏற்றத்தை யார் வேண்டுமானாலும் கட்டிவிடலாம். இறக்கத்தைக் கட்டுவதுதான் வித்தை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். வண்டி ஆகாசத்தில் இருக்கும்போதே அதை அவர்கள் ஆட்டி வைக்கிறார்கள். முன்பக்கம் தாழ்ந்தால் விசையை முடுக்குகிறார்கள். பின்சக்கரம் வேகமாகச் சுழல, முன்பக்கம் நிமிர்கிறது. முன்பக்கம் அதிகமாக நிமிர்ந்தால் பின் பிரேக்கை அழுத்துகிறார்கள், அது தணிகிறது. நான் கரும்பலகையில் எழுதிப் போட்டு, பையன்கள் மனப்பாடம் செய்து மறந்துவிடுகிற சுழற்சி விதியை, இவர்கள் கால் கட்டைவிரலில் வைத்திருக்கிறார்கள்!

ஒருவர் விழுந்தார். உடனே சிவப்புச் சிலுவைக் கொடி ஒன்று எழுந்தது. அதைக் கண்டால் அந்த இடத்தில் யாரும் பறக்கக் கூடாது. சக்கரத்தைத் தரையிலே வைத்து, மேடு மேடாக ஏறி இறங்கிப் போகவேண்டும். அப்படி ஏறி இறங்கவும் அந்த மேடுகளில் இடம் இருந்தது. கெட்டிக்காரன் பறக்கலாம், முடியாதவன் உருண்டு போகலாம், இருவருக்கும் வழி உண்டு. நல்ல கேள்வித்தாளுக்கு வேறு லட்சணம் என்ன வேண்டும்?

அன்றைய இறுதிப் பந்தயத்தில் வெற்றி பெற்றவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜெட் லாரன்ஸ். வயது இருபதுதான். என் பழைய மாணவர்கள் காலேஜில் மூன்றாவது வருஷம் படிக்கும் வயது!

படிக்கட்டில் ஏறிய பந்தயம்

மறுநாள் காலையில் நானே பையனிடம் போய், “இதைப்போல வேறு எங்கே இருக்கிறது?” என்று கேட்டேன். அவனுக்கு ஒரே ஆனந்தம். சுமார் முப்பது மைல் தூரத்திலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குக் காரில் அழைத்துக்கொண்டு போனான். போகும் வழியில் இந்த விளையாட்டின் பூர்வ கதையையும் சொன்னான்.

இங்கிலாந்தில் கேம்பர்லி என்னும் இடத்தில் 1924-ஆம் வருஷம் மார்ச் 29-ந் தேதி, கரடுமுரடான குன்றுகளிலும் காட்டு வழியிலும் மோட்டார் சைக்கிள்களை ஓட்டி ஒரு பந்தயம் நடத்தினார்கள். மோட்டோகிராஸ் என்று பின்னால் பெயர் பெற்ற விளையாட்டுக்கு அதுதான் ஆரம்பம். அங்கே பாதையை அமைத்தவர் யாருமில்லை. பகவான் படைத்த மேடு பள்ளந்தான் பாதை. 1948 ஆகஸ்ட் 28-ந் தேதி, பாரிஸ் நகரத்தின் ஓரத்திலுள்ள மோன்ட்ரூஜ் என்ற இடத்தில், பஃபலோ ஸ்டேடியத்துக்குள்ளேயே அந்தப் பந்தயத்தைக் கொண்டுவந்து நடத்திப் பார்த்தார்கள். ஆனால் அந்த யோசனைக்குப் பெரிய வாழ்வு வந்தது 1972 ஜூலை 8-ந் தேதிதான். மைக் குட்வின் என்பவர் லாஸ் ஏஞ்சல்ஸ் கொலீஸியத்தில் மண்ணைக் கொட்டி ஒரு பந்தயம் நடத்தினார். அதில் ஜெயித்த மார்ட்டி டிரைப்ஸுக்கு வயது பதினாறு. என் ஆஸ்பத்திரிப் பையனுக்கும் அதே வயதுதான்.

கொலீஸியத்தின் கிழக்கு வாசலில் நாங்கள் இறங்கியபோது நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நடுவிலே ஓங்கிய ஒரு பெரிய வளைவு. அதற்கு இருபுறமும் ஏழேழு சிறிய வளைவுகள். உச்சியில் ஒலிம்பிக் ஜோதி ஏற்றும் கொப்பரை. வாசற்கம்பிகளின் வழியாக உள்ளே பார்த்தேன். நாங்கள் நின்ற தெருமட்டத்திலிருந்து ஆசன வரிசைகள் படிப்படியாகக் கீழே இறங்கி, பெரிய கிண்ணத்தின் அடியில் பச்சைப் பசேலென்று மைதானம் தெரிந்தது. மனித நடமாட்டமே இல்லை.

1923-இல் திறக்கப்பட்ட இந்த மைதானத்தில் 1932-இலும் 1984-இலும் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. 1932 ஆகஸ்ட் 11-ந் தேதி, அதோ தெரிகிற அந்தப் பச்சை நிலத்தில்தான் தியான் சந்தும் அவர் தம்பி ரூப் சிங்கும் சேர்ந்த இந்திய ஹாக்கிக் கோஷ்டி, அமெரிக்கக் கோஷ்டியை 24-க்கு 1 என்ற கணக்கில் தோற்கடித்தது. அந்நியர் ஆட்சியிலே கிடந்த ஒரு தேசத்தின் பிள்ளைகள்! கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த என் கை சற்றே நடுங்கியது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

“மாமா! பந்தயம் எங்கே ஓடியது என்று நினைக்கிறீர்கள்?” என்றான் பையன்.

“கீழே மைதானத்தில்.”

“இல்லை. இதோ, நாம் நிற்கிற இடத்திற்கு வந்தது.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவன் விவரித்தான். மற்ற மைதானங்களில் மேடு வேண்டுமென்றால் லாரியில் மண் கொண்டுவந்து குவிப்பார்கள். இங்கே பாதை அமைத்தவர்கள், ஆசன வரிசைகளின் மேலேயே பாதையை ஏற்றிவிட்டார்கள்! வண்டிகள் மைதானத்திலிருந்து அந்தச் சரிவில் உறுமிக்கொண்டு ஏறி, வளைவுகளுக்குள் புகுந்து மறைந்துவிடும். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சிறிது நேரம் சத்தம் மட்டுந்தான் கேட்கும். பிறகு திடீரென்று வளைவுக்குள்ளிருந்து ஒரு வண்டி வெளிப்பட்டு, வெட்டவெளியில் பாய்ந்து, அந்த நீண்ட சரிவில் இறங்கும். 1980-களிலும் 1990-களிலும் இந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றியே பேசுகிறார்களாம். 1998-க்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் இந்தத் தொடர்ப் பந்தயம் இங்கே வரவில்லை. 2023 செப்டம்பர் 23-ந் தேதி, அந்த வருஷத்துச் சாம்பியன் பட்டத்துக்கான இறுதிப் பந்தயத்தை மறுபடியும் கொலீஸியத்துக்குக் கொண்டுவந்தார்கள். பாதையையும் மறுபடி வளைவு மண்டபத்துக்கு ஏற்றினார்கள். அன்றைக்குப் பட்டத்தையும் பத்து லட்சம் டாலர் பரிசையும் பெற்றவர் நான் அனஹைமில் பார்த்த அதே ஜெட் லாரன்ஸ்தான். என் மருமானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

நான் அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதைப்போல நீண்ட இறக்கத்தை எத்தனை லாரி மண் கொட்டினாலும் கட்ட முடியுமா? பூமியைக் குடைந்து மைதானம் அமைத்தவர்கள் அதைத் தயாராகக் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாதை அமைத்தவர் செய்ததெல்லாம் அதைக் கண்டுகொண்டதுதான். வேடிக்கைக்காகப் படிக்கட்டில் ஏற்றியிருந்தால் அது வெறும் கோமாளித்தனம். ஏறினவன் பத்திரமாய் இறங்குவதற்கு அந்த இடத்திலேயே வழி இருந்தது. அதனால்தான் அது வித்தையாயிற்று.

பெய்லி என்னும் வாத்தியார்

திரும்பி வரும் வழியில் பையன் வேறு சில விசித்திரங்களையும் சொன்னான். 2011 முதல் 2019 வரையில் லாஸ் வேகாஸ் நகரத்து ஸாம் பாய்ட் ஸ்டேடியத்தில் ஒரு தனிப் பந்தயம் நடந்து வந்தது. அதன் பாதையில் சுற்றுவழி ஒன்று உண்டு. ஒவ்வொரு பந்தயத்திலும் ஒவ்வொருவரும் ஒரே ஒரு தடவை அதில் போய்த்தான் ஆகவேண்டும். எந்தச் சுற்றில் போவது என்பது அவரவர் இஷ்டம். கட்டாயக் கேள்விதான், ஆனால் எப்போது எழுதுவது என்பதை மாணவனே தீர்மானிக்கலாம்! 2011-இல் மூன்று பந்தயங்களிலும் முதலாவதாக வந்து ரயன் வில்லபோட்டோ என்பவர் பத்து லட்சம் டாலர் பெற்றார்.

ஆனால் என் மனத்தில் தங்கிவிட்ட கதை டேடோனாவைப் பற்றியது. டேடோனா என்பது புளோரிடா மாகாணத்தில் கார்ப் பந்தயத்துக்குப் பெயர்போன இடம். அங்கே கார் ஓடும் பாதைக்கு உட்புறத்திலுள்ள புல்வெளியில், 1971 முதல் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்து வருகிறது. மற்ற ஸ்டேடியங்களைவிட விசாலமான இடம், மணற்பாங்கான பூமி, ஓட ஓடப் பாதை குழிந்து, சுற்றுக்குச் சுற்று புதிய பாதையாகிவிடும். இந்தப் பாதையைப் பல வருஷங்கள், 2007 வரையில், அமைத்து வந்தவர் கேரி பெய்லி. அவரும் என்னைப்போல ஒரு வாத்தியார்! மோட்டோகிராஸ் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தி, ‘புரொபஸர்’ என்று பெயர் வாங்கியவர். 2008 முதல் அந்தப் பணியை ஏற்றவர், ஐந்து முறை சூப்பர்கிராஸ் சாம்பியனாக இருந்த ரிக்கி கார்மைக்கேல்.

கேரி பெய்லியின் மகன் டேவிட் பெய்லி. தகப்பனாரிடம் கற்றுக்கொண்டு, 1983-இல் சூப்பர்கிராஸ் சாம்பியன் பட்டம் பெற்றான். 1987 ஜனவரியில், பருவம் தொடங்கும் சமயத்தில், கலிபோர்னியாவில் ஒரு பயிற்சி ஓட்டத்தில் விழுந்தான். முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. அப்போது அவனுக்கு வயது இருபத்தைந்து.

“அப்புறம் தகப்பனார் என்ன செய்தார்?” என்று கேட்டேன்.

“டேடோனாவில் பாதை அமைத்துக்கொண்டுதான் இருந்தார், மாமா.”

நான் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்த மனிதர் மணலில் இறங்கி, ஒரு மேட்டின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் பார்க்கும்போது என்ன நினைத்திருப்பார்? மகனுடைய கால்களை நினைக்காமல் இருந்திருப்பாரா? அந்தக் கையால் சீவிய இறக்கத்தில் எத்தனை பேருடைய பிள்ளைகள் பத்திரமாய் இறங்கியிருப்பார்கள்!

டேவிட் பெய்லி சோர்ந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2000-ஆம் வருஷம் ஹவாய்த் தீவில் நடந்த ‘அயர்ன்மேன்’ போட்டியில், கடலில் நீந்தி, கையாலேயே வண்டி ஓட்டி, சக்கர நாற்காலியில் பந்தயம் ஓடி, தம் பிரிவில் முதலாவதாக வந்தார்.

பதில்

ஊருக்குத் திரும்பியதும், பெட்டியைக்கூட அவிழ்க்காமல் அந்தப் பையனுடைய வீட்டுக்குப் போனேன். காலில் கட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். “உன் கேள்விக்குப் பதில் கொண்டுவந்திருக்கிறேன்” என்றேன்.

முதலில் டேவிட் பெய்லியின் கதையைச் சொன்னேன். “அவர்களுக்குக் கால் உடையவில்லை என்று யார் சொன்னது? காலுக்கு மேலேயும் உடைந்திருக்கிறது. வாழ்நாள் முழுவதும் பழகியவனுக்கும் உடைந்திருக்கிறது” என்றேன். அவன் தாயார் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு அவனுடைய நோட்டுப் புத்தகத்தை வாங்கி இரண்டு படம் வரைந்தேன். ஒன்று, அனஹைமில் பார்த்த மேடு: ஏற்றம், ஆகாசத்தில் ஒரு வளைகோடு, அந்தக் கோட்டோடு இழைந்து இறங்கும் சரிவு. இன்னொன்று, நம் ஊர்க் கிராவல் மேடு: ஏற்றம், வளைகோடு, கீழே கட்டாந்தரை. பையன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

“நான் ஏறுகிற பக்கத்தை மட்டுந்தான் பார்த்தேன், ஸார்” என்றான்.

“பதினாறு வயதில் எல்லோரும் அந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். மறுபக்கத்தைப் பார்ப்பதற்காகத்தான் நாங்கள் சிலர் இருக்கிறோம்” என்றேன்.

இனிமேல் மோட்டார் சைக்கிளைத் தொடமாட்டேன் என்று அவன் சத்தியம் செய்து கொடுப்பான் என எதிர்பார்த்தேன். அவன் அப்படி ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவது படத்தில், கட்டாந்தரை இருந்த இடத்தில், பென்ஸிலால் மெதுவாக ஒரு சரிவை வரைந்தான். அதை வளைகோட்டோடு பொருந்தும்படி அழித்து அழித்துத் திருத்தினான். அப்புறம் தலையை நிமிர்த்திக் கேட்டான்:

“ஸார்! அந்த மேடு கட்டுகிறவர்கள் என்ன படித்திருக்கவேண்டும்?”

நான் அவனுடைய பௌதிகப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன்.